ஜீரோஎம்க்யூ நூலகத்தில் டைமர் தொடர்பான செயலிழப்புகளின் காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: சி++ மொழியில் எழுதப்பட்ட ஒரு சேவை, ஜீரோஎம்க்யூவின் 4.2 வரிசை நூலகத்தைக் கொண்டு தொலைவிலுள்ள நிலையங்களோடு செய்தி பரிமாறுகிறது. நூலகத்தின் பொது டைமர் வசதியையும் அது பயன்படுத்துகிறது. எதிர்முனை உயிரோடு இருக்கிறதா என்று அவ்வப்போது கேட்டுப் பார்க்கும் ஹார்ட்பீட் வசதியை இயக்கிய பிறகு, இணைப்பு தடுமாறும் வேளைகளில் வாரத்துக்கு ஓரிரு முறை அது விழுந்துவிடுகிறது. சில நேரம் ‘போலர் பேஸ்’ என்னும் மூலக்கோப்பில் அசெர்ட் (ஒரு நிபந்தனை பொய்த்தால் நிரலை நிறுத்திவிடும் சோதனை) தவறியதாக ஒரு வரி கிடைக்கிறது; சில நேரம் அதுவும் இல்லாமல் செக்மென்டேஷன் ஃபால்ட், அதாவது தொடக் கூடாத நினைவகத்தைத் தொட்டதால் வரும் வீழ்ச்சி. ஐயம் உள்ள இடங்களில் அச்சு வரிகளைச் சேர்த்தால் பிழை மறைந்துவிடுகிறது. நேரக் கணக்கில் எங்கோ தவறு இருப்பதாகக் கேட்டவர் கருதுகிறார்.

நேரக் கணக்கை நான் கடைசியாகத்தான் பார்ப்பேன். டைமர் என்ற பெயரைக் கண்டதும் கடிகாரத்தைச் சந்தேகிப்பது இயல்பு; நானும் ஒருமுறை இப்படிப்பட்ட பிழைக்காக மூன்று நாள் கடிகார நிரலையே படித்துக்கொண்டிருந்தேன். ஆனால் நூலகத்தின் பார்வையில் டைமர் என்பது, ‘இந்த ஆப்ஜெக்டை இன்ன நேரத்துக்குப் பின் கூப்பிடு’ என்று ஒரு பட்டியலில் எழுதி வைத்த குறிப்பு மட்டுமே. குறிப்பு எழுதப்பட்ட கணத்துக்கும் அது செயல்படும் கணத்துக்கும் நடுவே அந்த ஆப்ஜெக்ட் அழிந்திருக்கலாம், குறிப்பு ரத்தாகியிருக்கலாம், அல்லது இரண்டும் ஒரே சுற்றில் நடந்திருக்கலாம். விழுவது பெரும்பாலும் இந்த வரிசை குழம்புவதால்தான். எனவே ‘எப்போது’ என்ற கேள்வியை விட, ‘அந்தக் குறிப்பு யாருடையது, அதை யார் கிழித்தார்கள்’ என்ற கேள்வியே விரைவில் விடைக்குக் கொண்டுபோகும்.

முதலில் நூலகத்தின் உள்ளமைப்பைப் பார்ப்போம். வலையமைப்பு வேலைகளைக் கவனிக்கும் ஒவ்வொரு ஐ/ஓ த்ரெட்டும், நிகழ்வுகளுக்காகக் காத்திருந்து உரியவரைக் கூப்பிடும் ஒரு போலரைத் தனக்கென வைத்திருக்கிறது. அந்தப் போலரிடம், காலாவதி நேரத்தின்படி வரிசைப்படுத்திய ஒரு பட்டியல் (மல்ட்டிமேப்) இருக்கிறது. அதன் ஒவ்வொரு பதிவிலும் இரண்டு விவரங்கள் மட்டுமே உள்ளன: யாரைக் கூப்பிட வேண்டும் என்ற பாயிண்டர், எந்த டைமர் என்பதைச் சொல்லும் ஓர் எண். டைமரைச் சேர்த்தவருக்குத் திரும்பக் கிடைக்கும் கைச்சீட்டு எதுவும் கிடையாது. ரத்து செய்ய வேண்டுமானால், அதே பாயிண்டரையும் எண்ணையும் கொடுத்து, பட்டியலை முதலிலிருந்து தேட வேண்டும். 4.2 வரிசையில் அந்தத் தேடல் வெறுங்கையோடு முடிந்தால் அசெர்ட் தவறி நிரல் நின்றுவிடும். உங்களுக்கு வரும் ‘அசெர்ட் தவறியது: ஃபால்ஸ்’ என்ற செய்தியின் பொருள் இவ்வளவுதான்: இல்லாத டைமரை யாரோ ரத்து செய்ய முயன்றிருக்கிறார்கள்.

இந்த டைமர்களை அதிகமாகப் பயன்படுத்துவது, ஒவ்வொரு டிசிபி இணைப்பையும் நடத்தும் ஸ்ட்ரீம் எஞ்சின். கைகுலுக்கல் குறித்த நேரத்துக்குள் முடிகிறதா என்று பார்க்க ஒரு டைமர். அதன் இயல்பு அளவு 30,000 மில்லி வினாடி. ஹார்ட்பீட் இயக்கப்பட்டால் மேலும் மூன்று சேர்கின்றன: பிங் அனுப்பும் இடைவெளிக்கு ஒன்று, அதற்குப் பதில் வராமல் போனால் இணைப்பைத் துண்டிக்க ஒன்று, எதிர்முனை அறிவித்த ஆயுட்காலத்தைக் கவனிக்க ஒன்று. எந்த டைமர் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை எஞ்சின் தன்னிடமுள்ள உண்மை-பொய்க் கொடிகளால் நினைவில் வைத்திருக்கிறது. ஆக, ஒரே உண்மை இரண்டு இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது: போலரின் பட்டியலில் ஒரு முறை, எஞ்சினின் கொடியில் ஒரு முறை. இரண்டும் ஒரு நொடி ஒவ்வாமல் போனாலும் போதும்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பதில் வராமல் நேரம் தீர்ந்ததும் போலர் எஞ்சினைக் கூப்பிடுகிறது; எஞ்சின் தன் கொடியை இறக்கிவிட்டுப் பிழை கையாளும் பாதைக்குள் போகிறது; அந்தப் பாதை, எஞ்சினுக்கு மேலே நின்று இணைப்பை நிர்வகிக்கும் செஷனுக்குத் தகவல் சொல்லி, மீதமுள்ள டைமர்களையெல்லாம் ரத்து செய்து, இறுதியில் எஞ்சின் தன்னைத்தானே அழித்துக்கொள்வதில் முடிகிறது. இத்தனையும் போலர் தன் பட்டியலைச் சுற்றிவரும் லூப்பின் நடுவே, அந்த ஒரே அழைப்புக்குள் நடக்கிறது. பழைய நிரலில் அந்த லூப், முதலில் டைமரைக் கூப்பிட்டுவிட்டு, திரும்பி வந்த பிறகுதான் அந்தப் பதிவைப் பட்டியலிலிருந்து நீக்கும். கூப்பிடப்பட்டவர் தனக்குரிய அதே பதிவை ரத்து செய்துவிட்டால், பட்டியலில் தான் நிற்கும் இடத்தைக் குறிக்க லூப் கையில் வைத்திருக்கும் இட்டரேட்டர் ஏற்கெனவே விடுவிக்கப்பட்ட நினைவகத்தைச் சுட்டும். அதன் பின் என்ன நடக்கும் என்பது நினைவக ஒதுக்கீட்டின் மனநிலையைப் பொறுத்தது. உங்களுக்குச் சில நாள் அசெர்ட்டும் சில நாள் ஃபால்ட்டும் கிடைப்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

இதற்கு ஆளாகக்கூடியது பிங் இடைவெளி டைமர். மற்ற மூன்று டைமர்களும் கூப்பிடப்பட்டதும் முதல் வேலையாகத் தம் கொடியை இறக்கிவிடுகின்றன. பிங் டைமர் அப்படிச் செய்வதில்லை. அது பிங்கை அனுப்பிவிட்டு உடனே தன்னை மறுபடியும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளப் போகிறது என்பதால், கொடி ஏறியே இருக்கிறது. அனுப்பும் அந்த அழைப்பின் உள்ளே எங்கேனும் பிழைப் பாதை இயங்கிவிட்டால், ஏறியிருக்கும் கொடியைப் பார்த்து ரத்து செய்யும் நிரல், இந்தக் கணத்தில் செயல்பட்டுக்கொண்டிருக்கும் டைமரையே ரத்து செய்யும். போதாக்குறைக்கு, அழைப்பு திரும்பிய பின், அழிந்துபோன எஞ்சினின் மீது டைமரைச் சேர்க்கும் வரியும் காத்திருக்கிறது.

4.3 வரிசையின் பிற்பட்ட வெளியீடுகளில் லூப் மாற்றி எழுதப்பட்டது: பதிவை முதலில் நகலெடுத்து, பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு, அதன் பிறகே கூப்பிடுகிறார்கள், ஒவ்வொரு முறையும் பட்டியலின் தலையிலிருந்தே மறுபடி தொடங்குகிறார்கள். கூடவே, ரத்து செய்யும் இடத்தில் இருந்த அசெர்ட்டை எடுத்துவிட்டு, ‘பொதுவாக இங்கே வரவே கூடாது, ஆனால் சில விளிம்பு நிலைகளில் வர நேர்கிறது, அது தீர்ந்ததும் இங்கே அசெர்ட்டை வைக்க வேண்டும்’ என்ற பொருளில் ஒரு குறிப்பை எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். ஆனால் இதைப் பார்த்து, உங்கள் 4.2 நகலில் அசெர்ட்டை மட்டும் நீக்கிவிடலாம் என்று எண்ண வேண்டாம். லூப்பைத் திருத்தாமல் அசெர்ட்டை நீக்குவது, புகை அறிவிப்பானின் பேட்டரியைக் கழற்றுவதற்குச் சமம்.

இவையெல்லாம் நூலகத்தைப் பற்றிய பொது விவரங்கள். உங்கள் சேவையில் நடப்பது இதுதான் என்று அறிய ஆதாரம் வேண்டும். அதற்கு முதல் படி கோர் டம்ப், அதாவது விழுந்த கணத்தில் நிரலின் நினைவகத்தைப் படியெடுத்த கோப்பு. ஜீரோஎம்க்யூவின் அசெர்ட்டுகள் வெளியீட்டு பில்டிலும் நீக்கப்படுவதில்லை; எனவே களத்தில் ஓடும் நகலே உங்களுக்குச் சாட்சி சொல்லும். கோர் அளவின் வரம்பை நீக்கி, பிழைதிருத்தக் குறியீடுகளுடன் நூலகத்தைத் தொகுத்து, ஜிடிபி பிழைதிருத்தியில் எல்லா த்ரெட்டுகளின் ஸ்டாக் டிரேஸையும் (எந்தச் செயற்கூறு எதைக் கூப்பிட்டது என்ற அடுக்கை) எடுங்கள். விழுந்த த்ரெட்டுடையதை மட்டும் எடுத்தால் பாதிக் கதைதான் கிடைக்கும். ஒரே த்ரெட்டின் அடுக்கில், டைமர்களை இயக்கும் லூப்புக்கு மேலே டைமர் நிகழ்வு, அதற்கும் மேலே ரத்து செய்யும் அழைப்பு என்று நின்றால், மேலே விவரித்த மறுநுழைவுதான் (லூப் முடியும் முன்பே அதன் பட்டியலை உள்ளிருந்து மாற்றுவதுதான்) காரணம். லூப் அடுக்கிலேயே இல்லாமல், இணைப்பை முடிக்கும் பாதையிலிருந்து ரத்து வந்திருந்தால், கொடிக்கும் பட்டியலுக்கும் வேறெங்கோ ஒவ்வாமை நேர்ந்திருக்கிறது. இரண்டு த்ரெட்டுகள் ஒரே சாக்கெட்டின் உள்ளே நிற்பதைக் கண்டால், நூலகத்தை விட்டுவிட்டு உங்கள் நிரலைப் பாருங்கள்: இந்த நூலகத்தின் வழக்கமான சாக்கெட்டுகள் த்ரெட்-பாதுகாப்பு உடையவை அல்ல, ஒரு த்ரெட் படித்துக்கொண்டிருக்கும்போது இன்னொரு த்ரெட் அதை மூடினால் எந்த அசெர்ட் வேண்டுமானாலும் தவறலாம்.

அச்சு வரிகள் பிழையை மறைப்பது, அவை எடுத்துக்கொள்ளும் நேரத்தாலும், வெளியீட்டைக் காக்கும் பூட்டினாலும்தான். அவற்றுக்குப் பதிலாக நினைவகத்திலேயே ஒரு வட்டப் பதிவேட்டை வையுங்கள். டைமரைச் சேர்த்தல், ரத்து செய்தல், கூப்பிடுதல், எஞ்சின் பிறத்தல், அழிதல் ஆகிய ஐந்து நிகழ்வுகளுக்கும், நேரம், த்ரெட், பாயிண்டர், எண் ஆகியவற்றை ஒரு நிகழ்வுக்கு 32 பைட் வீதம் எழுதினால், 4,096 நிகழ்வுகளுக்கு 128 கிலோபைட்தான் ஆகும். கோப்பு எழுதுவதும் பூட்டுவதும் இல்லாததால் நிரலின் போக்கு பெரிதாக மாறாது. விழுந்த பிறகு கோர் டம்ப்பிலிருந்து அந்த வட்டத்தைப் படித்துக்கொள்ளலாம். பதிவில் பாயிண்டரை மட்டும் வைத்து ஏமாந்துவிடாதீர்கள். ஓர் எஞ்சின் அழிந்து, அதே அளவுள்ள இன்னோர் எஞ்சின் உடனே உருவானால், நினைவக ஒதுக்கி அதே முகவரியைத் திரும்பக் கொடுப்பது மிகச் சாதாரணம். அப்போது பழைய எஞ்சினுக்காகக் காத்திருந்த குறிப்பு, புதிய எஞ்சினைக் கூப்பிடும். பாயிண்டர் செல்லுபடியாவதால் எதுவும் விழாது, நலமாக இருந்த புதிய இணைப்பு ஒன்று காரணமே இல்லாமல் துண்டிக்கப்படும். ஆகையால் ஒவ்வோர் எஞ்சினுக்கும் பிறப்பின்போதே ஏறிக்கொண்டே போகும் வரிசை எண் ஒன்றைக் கொடுத்து, அதையும் பதிவில் எழுதுங்கள். ‘இணைப்பு சில நேரம் தானாக அறுகிறது’ என்ற புகாரும் இந்தச் செயலிழப்பும் ஒரே பிழையின் இரு முகங்களாக இருப்பதை நான் கண்டிருக்கிறேன்.

தவறான நினைவகப் பயன்பாட்டை ஓட்டத்தின்போதே பிடிக்கும் அட்ரஸ் சானிடைசர் இந்த வகைப் பிழைக்கு ஏற்ற கருவி. உங்கள் நிரலை மட்டுமல்ல, நூலகத்தையும் அதைக் கொண்டே தொகுக்க வேண்டும். இல்லாவிட்டால் நூலகத்தின் உள்ளே நிகழும் தவறான படிப்புகளில் பலவற்றை அது பார்க்காது. தவறான நினைவகத்தைத் தொட்ட இடம், அந்த நினைவகம் விடுவிக்கப்பட்ட இடம், அது ஒதுக்கப்பட்ட இடம் ஆகிய மூன்று அடுக்குகளையும் அது சேர்த்துக் காட்டும். நமக்கு வேண்டியது நடுவிலுள்ளது. வேகம் ஏறத்தாழ பாதியாகும், அவ்வளவுதான். வால்கிரைண்ட் என்ற கருவியும் இதே தகவலைத் தரும். ஆனால் நிரலைப் பல மடங்கு மெதுவாக்குவதால், டைமர்கள் எல்லாம் வேறு வரிசையில் தீர்ந்து, தேடிய பிழை வராமல் தேடாத பிழை வரக்கூடும்.

பிழையை ஒருமுறை பிடித்துவிட்டால் போதும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு ‘ஆர்ஆர்’ என்ற பதிவுக் கருவியைப் பரிந்துரைக்கிறேன். மொசில்லாவில் உருவான இது, நிரலின் ஓட்டத்தை முழுதாகப் பதிந்து, அதே ஓட்டத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் முன்னும் பின்னும் ஓட்டிப் பார்க்க விடுகிறது. விழுந்த இடத்தில் நின்றுகொண்டு, எஞ்சினின் கொடி மீது ஒரு வாட்ச்பாயிண்ட் (மதிப்பு மாறினால் நிறுத்தும் குறி) வைத்துப் பின்னோக்கி ஓட்டினால், அந்தக் கொடியைக் கடைசியாகத் தொட்ட வரியில் போய் நிற்கும். அதன் ‘கேயாஸ்’ முறை, த்ரெட்டுகளுக்கு வேண்டுமென்றே தாறுமாறாக முறை கொடுத்து, அரிதான வரிசைகளை வரவழைக்கும். செயலியின் செயல்திறன் எண்ணிகள் அதற்குத் தேவை என்பதால், சில மெய்நிகர் கணினிகளில் அது ஓடாது. அப்படியானால் நேரடி வன்பொருள் ஒன்றைத் தேடிக்கொள்ளுங்கள்.

ஆனால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. பிழையை வரவழைப்பதற்கான எளிய வழி உங்கள் கையிலேயே இருக்கிறது: சேவைக்கு சிக்ஸ்டாப் சிக்னலை அனுப்பி, ஹார்ட்பீட் நேரத்தை விடச் சற்றுக் கூடுதலாக உறைய வைத்து, பின் சிக்கான்ட் அனுப்பி எழுப்புங்கள். உறைந்திருக்கும்போதும், பின்னோக்கிப் போகாத மோனோடோனிக் கடிகாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். எழுந்ததும், தனித்தனியாகத் தீர வேண்டிய டைமர்கள் பல ஒரே சுற்றில் தீர்ந்து நிற்கும். லினக்ஸில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. நிறுத்தி எழுப்பப்பட்ட த்ரெட்டின் ‘ஈபோல்’ காத்திருப்பு (போலர் நிகழ்வுகளுக்காகக் காத்திருக்கும் கெர்னல் அழைப்பு), ‘இடையூறு’ என்ற பிழையோடு திரும்பக்கூடும். நூலகம் அதைப் பொருட்படுத்தாமல் லூப்பின் தலைக்குப் போகிறது. அங்கே முதல் வேலை, தீர்ந்துபோன டைமர்களை இயக்குவது. பிங்குக்குப் பதிலாக எதிர்முனை அனுப்பிய பாங், கெர்னலின் பெறுநர் பஃபரில் படிக்கப்படாமல் காத்திருக்கும்போதே, ‘பதில் வரவில்லை’ என்று முடிவு செய்து எஞ்சின் தன்னை அழித்துக்கொள்ளும். மெய்நிகர் கணினி சில நொடிகள் உறைவதும், சிபியூ நெருக்கடியில் ஐ/ஓ த்ரெட்டுக்கு முறை கிடைக்காமல் போவதும் களத்தில் இதற்கு நெருங்கிய விளைவையே தருகின்றன. இணைப்பு தடுமாறியதாக நீங்கள் நினைக்கும் சில வேளைகளில், தடுமாறியது உங்கள் கணினியாகவே இருந்திருக்கலாம்.

சோதனைக்கு ஹார்ட்பீட் இடைவெளியை 50 மில்லி வினாடிக்குக் குறைத்து, எதிர்முனையைத் தாறுமாறான நேரங்களில் உறைய வைத்தும் கொன்றும், லினக்ஸின் ‘நெட்எம்’ வசதியால் தாமதத்தையும் இழப்பையும் கூட்டியும் ஓட்டினால், வாரத்துக்கு ஒருமுறை வரும் பிழை சில மணி நேரத்தில் வர நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆயுட்கால அளவு நெறிமுறையில் பத்தில் ஒரு வினாடி அலகில்தான் அனுப்பப்படுகிறது என்பதை நினைவில் வைத்து, அதை 100 மில்லி வினாடிக்குக் கீழே வைக்காதீர்கள்.

இப்போது கடிகாரத்துக்கும் ஒரு வாய்ப்புக் கொடுப்போம். செயலிழப்பு ஏறத்தாழ 24.8 நாளுக்கு ஒருமுறை வந்தால், யாரோ மில்லி வினாடியைக் குறியுள்ள 32 பிட் எண்ணில் வைத்திருக்கிறார்கள், 49.7 நாளுக்கு ஒருமுறை வந்தால், குறியில்லாத 32 பிட் எண்ணில். விண்டோஸ் 95 அப்படித்தான் 49.7 நாளில் உறைந்தது. ஜீரோஎம்க்யூ உள்ளே 64 பிட்டில்தான் கணக்கிடுகிறது. ஆனால் அதன் மேல் நீங்கள் எழுதிய உறையில், ‘மீதி நேரம்’ கணக்கிட்டு இன்ட் வகைக்கு மாற்றும் வரி இருந்தால் பாருங்கள். குறியில்லாத எண்களில், தீர்ந்துபோன நேரத்திலிருந்து இப்போதைய நேரத்தைக் கழித்தால் கிடைப்பது எதிர்ம எண் அல்ல, மிகப் பெரிய எண். லினக்ஸ் கெர்னலில், கடிகாரத் துடிப்புகளை எண்ணும் ஜிஃபீஸ் எண்ணியைப் பூஜ்யத்தில் தொடங்காமல், 32 பிட்டில் அது சுற்றிவர ஐந்து நிமிடம் இருக்கும் நிலையில் தொடங்குகிறார்கள்; இத்தகைய பிழை 49 நாள் காத்திருக்காமல், கணினியை இயக்கிய ஐந்தாம் நிமிடமே வெளிவரட்டும் என்பதற்காக. உங்கள் சோதனைக் கடிகாரத்துக்கும் அதையே செய்யலாம்.

உங்கள் சேவையில் நூலகத்தின் பொது டைமர் வசதியையும் பயன்படுத்துவதாகச் சொல்லியிருப்பதால், அது வேறு நிரல் என்பதையும் குறிப்பிட வேண்டும். அங்கே ரத்து உடனடியாக நடப்பதில்லை: ரத்தான எண்கள் தனியொரு தொகுப்பில் வைக்கப்பட்டு, இயக்கும் சுற்று அந்தப் பதிவை எட்டும்போதுதான் நீக்கப்படுகின்றன. எனவே ஒரு டைமரின் அழைப்புக்குள்ளிருந்து இன்னொன்றையோ அதையேயோ ரத்து செய்வதில் ஆபத்தில்லை. ஆனால் அழைப்புக்குள்ளிருந்து டைமர் தொகுதியையே அழிப்பதும், வேறு த்ரெட்டிலிருந்து அதைத் தொடுவதும் கூடாது.

ஒத்திப்போடும் இந்த ரத்துதான் சரியான வடிவம் என்பது என் கருத்து. ஜீரோஎம்க்யூவின் முதன்மை வடிவமைப்பாளர்களில் ஒருவரான மார்ட்டின் சுஸ்த்ரிக், பின்னர் உருவாக்கிய நானோமெஸேஜ் நூலகத்தில், டைமரை நிறுத்துவது ஒரு கோரிக்கை மட்டுமே. ‘நின்றுவிட்டது’ என்ற நிகழ்வு வந்து சேரும் வரை அதன் நினைவகத்தை விடுவிக்க அனுமதியில்லை. சி++ வலையமைப்பு நூலகமான பூஸ்ட் ஏசியோவிலும் இதே பாடம் வேறு வேடத்தில் வருகிறது: ரத்து செய்யும்போதே அழைப்பு வரிசையில் ஏறியிருந்தால், அது ‘ரத்தானது’ என்ற பிழைக்குறி இல்லாமல், வெற்றி பெற்றதாகவே வந்து சேரும். பிழைக்குறியை மட்டும் பார்த்துவிட்டு, அழிந்த ஆப்ஜெக்டைத் தொடும் நிரல்கள் அங்கேதான் விழுகின்றன. லினக்ஸ் கெர்னலுக்கே, ‘ரத்து செய், இனி யாரும் இதை மறுபடி ஓடவிட முடியாதபடியும் செய்’ என்ற தனிச் செயற்கூறு 6.2 பதிப்பில் தேவைப்பட்டது.

ஆகவே உங்கள் நிலையில் நான் செய்வது இதுவாக இருக்கும். மேற்சொன்ன உறையவைக்கும் சோதனையை முதலில் 4.2 நகலின் மீது ஓட்டி, அட்ரஸ் சானிடைசரின் அறிக்கையோடு பிழையைப் பிடித்து வைத்துக்கொள்வேன். பிறகு 2023இல் வந்த 4.3.5க்கு மாறி, அதே சோதனையை அதே அமைப்புகளோடு ஓட்டுவேன். முதலில் பிடிக்காமல் பதிப்பை மட்டும் மாற்றினால், பிழை போய்விட்டதா, ஒளிந்துகொண்டதா என்று சொல்ல வழியில்லை. மாறுவதற்கு அனுமதி கிடைக்கத் தாமதமானால், அதுவரை ஹார்ட்பீட்டை அணைத்துவிட்டு, சும்மா இருக்கும் இணைப்பைக் கெர்னலே சோதித்துப் பார்க்கும் டிசிபி கீப்அலைவ் அமைப்புகளைச் சாக்கெட் விருப்பங்கள் வழியாக இயக்கலாம். லினக்ஸின் இயல்பு அளவான 7,200 வினாடி உங்களுக்கு எதற்கும் உதவாது என்பதால், செயலற்ற நேரத்தை 30 வினாடிக்கும், இடைவெளியை 5 வினாடிக்கும் குறைத்து வையுங்கள். கீப்அலைவ், எதிர்முனையின் கெர்னல் உயிரோடு இருப்பதை மட்டுமே உறுதி செய்யும். அங்குள்ள நிரல் உறைந்துபோனால் அதற்குத் தெரியாது. அதைக் கண்டறிய, உங்கள் செய்திகளிலேயே ஒரு வினாடிக்கு ஒருமுறை வரிசை எண் மட்டும் தாங்கிய சிறு செய்தி ஒன்றை அனுப்பி, அங்குள்ள நிரல் அதற்குப் பதில் தருகிறதா என்று பாருங்கள்.